சரிவுக்குள் மண்வெட்டிச் சத்தம்

இதை முதலில் மனுவாகத்தான் எழுதிப் பார்த்தேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். 'பொருள்' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னவென்று எழுதுவது? எந்த அலுவலகத்துக்கு எழுதுவது?

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த மாதிரிக் கதைகளை விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கிறவர்கள் நீங்கள். பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. நானும் நம்பாமல் இருந்தவன்தான். ஆனால் ஒன்று. இத்தனை வருஷம் நான் எழுதிய எந்த மனுவிலும் நடக்காத ஒன்றை எழுதியதில்லை. திருக்கனூர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றவன் நான். கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்பதுதான் அங்கே பாடம். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

என் பெயர் ஹரிகிருஷ்ணன். ஒரு மில்லில் டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் நானும் என் மனைவி செல்வாம்பாளும் மட்டும்தான்.

வீடு எங்கே என்று சொன்னால் சிரிப்பீர்கள். குன்றத்து நகர். "பாண்டியில ஏதுய்யா குன்று?" என்று என் மச்சானே கேட்டான். இருக்கிறது. காலாப்பட்டுப் பக்கம் கடற்கரை ரோட்டை விட்டு மேற்கே திரும்பினால் செம்மண் மேடு ஏறும். மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து ஓடை ஓடையாக இறங்கியிருக்கும் மேடு. அந்தச் சரிவில் ஒரு பகுதியை மனை போட்டு விற்றார்கள். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மனை வாங்கினேன். அனுமதி பெற்ற மனைதான். விசாரித்துத்தான் வாங்கினேன்.

இடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும். வீட்டு வாசல் கிழக்கே பார்த்தது. பின்பக்கம் அடுப்படி. அடுப்படிக் கதவைத் திறந்தால் சின்னதாக ஒரு தோட்டம். தோட்டம் முடிகிற இடத்தில் சரிவு எழும்பும். சரிவின் அடிவாரத்தில், என் மனையின் மூலையில், ஒரு எல்லைக்கல். மனை போட்டவர்கள் அந்தக் கல்லில் இருந்துதான் மொத்த நகரையும் அளந்தார்கள் என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னார். "முதல் கல்லு சார் இது. உங்களுக்கு அதிர்ஷ்டம்." எல்லாக் கற்களுக்கும் அடித்தது போல அதற்கும் வெள்ளையும் மஞ்சளும் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மற்ற கற்கள் எல்லாம் சிமெண்டில் வார்த்தவை. இது மட்டும் கருங்கல். இதை நான் அப்போதே கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

இந்த வருஷம் ஆடி மாதம் தொல்லை ஆரம்பித்தது. மேட்டின் மேலே இன்னொரு லேஅவுட் போட ஒரு கம்பெனி வந்தது. ஜே.சி.பி.யைக் கொண்டு வந்து மேட்டைச் சமப்படுத்தினார்கள். என் வீட்டுப் பக்கம் சாய்வாக இருந்த சரிவை அல்வாவை வெட்டுவது போல நேராக வெட்டி நிறுத்திவிட்டார்கள். பதினைந்து அடி உயரம். மரம் இல்லை, புல் இல்லை, பச்சை மண். ஐப்பசி மழை பெய்தால் அது எங்கே வரும்? என் அடுப்படிக்கு வரும்.

தடுப்புச் சுவர் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். வரைபடம், புகைப்படம் எல்லாம் இணைத்தேன். என் காசில், என் மனைக்குள், என் சுவர். இரண்டு மாதம் கழித்து அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. 'தங்கள் மனையும் அதன் மேற்கிலுள்ள நிலமும் சமதளம் என்று பதிவாகியுள்ளதால் தடுப்புச் சுவருக்கான தேவை எழவில்லை.'

நேரில் போனேன். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

"சார், நேர்ல வந்து பாருங்க. பதினஞ்சு அடி நிக்குது."

ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ. என்பார்கள், ஃபைலைப் புரட்டினார். "பிளான்ல இல்லையே."

"பிளான்ல இல்லன்னா மண்ணு விழாதா சார்?"

"விழுந்தா வாங்க. பேரிடர் செக்ஷன் தனியா இருக்குது. மாடில."

"அனுமதி இல்லாம நானே கட்டிக்கிட்டா?"

"சீல் வெச்சிடுவோம்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குக் கோபம்.

மேலே இருக்கும் கம்பெனிக்கு மட்டும் அனுமதி எப்படி வந்தது? அதே காரணம்தான். அது சமதளம். மேடே இல்லாத இடத்தில் மேட்டை வெட்ட அனுமதி எதற்கு?

வீட்டுக்கு வந்து அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தேன். செல்வாம்பாள் காபியைக் கொண்டு வந்து வைத்தாள்.

"அந்த ஆபீஸ்லயே ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டுக்குங்க. போய்ட்டுப் போய்ட்டு வர்ற பஸ் காசாவது மிச்சம்."

"எழுதாம வுட்டுட்டா யாருக்கும் தெரியாதுடி."

"எழுதி யாருக்குத் தெரிஞ்சுது?"

பேனா மூடியைத் திறந்தேன். எழுதினேன்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை பெய்த மறுநாள்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

மேலே ஜே.சி.பி. ஐந்தரைக்கு நின்றுவிடும். ஆட்கள் இறங்கிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு மேட்டில் காற்று மட்டும்தான். அன்றைக்கு ஐந்து நாற்பது. தோட்டத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரக்... சரக்... தொப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொள்கிற நேரம்.

சரக்... சரக்... தொப்.

மண்வெட்டி. ஒரே ஒரு மண்வெட்டி. இரண்டு வெட்டு, ஒரு வீச்சு.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பகலில் இயந்திரம், சாயங்காலம் கைவேலையா? குடையைக்கூட எடுக்காமல் சுற்றிக்கொண்டு மேலே ஏறினேன். கேட் பூட்டியிருந்தது. ஜே.சி.பி. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் ஷெட்டில் உட்கார்ந்து புரோட்டா தின்றுகொண்டிருந்தார்.

"யாரு மண்ணு வெட்றது?"

"யாருமில்ல சார். எல்லாம் அப்பவே போயிட்டாங்க."

"எனக்குக் கேக்குதேய்யா."

"எனக்கும்தான் கேக்குது," என்றார் அவர். "கீழ உங்க வூட்லேருந்து வருதுன்னு நெனச்சேன்."

இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சரிவின் அடிவாரத்தில் புதிதாக ஒரு கூடை மண் குவிந்திருந்தது. சுற்றிலும் சேறு. சேற்றில் என் கால் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்தேன்.

காய்ந்த மண். விரலிடுக்கில் மாவு போல உதிர்ந்தது.

மழை பெய்து சேறாகக் கிடந்த இடத்தில் காய்ந்த மண்!

மறுநாளும் ஐந்து நாற்பது. அதற்கு மறுநாளும். தினம் ஒரு கூடை. தினமும் காய்ந்த மண். நான் அலுவலகத்துக்கு எழுதினேன், ஃபோனும் செய்தேன். "மேல் லேஅவுட்டில் வேலை நேரத்துக்குப் பின் திருட்டுத்தனமாக மண் வெட்டுகிறார்கள்" என்று புகார்.

ஃபோனில் வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"சார், அங்க கையால மண்ணு வெட்ட பெர்மிஷனே கொடுக்கல. அதனால வெட்டல."

"எனக்குச் சத்தம் கேக்குது சார்."

"பெர்மிஷன் இல்லாம எப்படி சார் வெட்டுவாங்க?"

வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் க்சாவியே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்போமே, அப்படி. பயந்த ஆள் இல்லை. என்னைப் பிரெஞ்சு மரியாதையில் 'மிசே' என்பார். அவரைக் கூட்டி வந்தேன். ஐந்து நாற்பதுக்குச் சத்தம் வந்தது. அவர் மண் சுவரில் காதை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். எடுத்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"மிசே, இது மேலேருந்து வர்ல."

"பின்ன?"

"உள்ளேருந்து வருது. குழி வெட்டுற ஆளு மண்ணத் தூக்கி வெளிய வீசுவான். இவன் பின்னால வீசுறான். தனக்குப் பின்னால. எடமில்லாதவன் அப்படித்தான் வெட்டுவான்."

"இன்னா சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்லல. மக பிரான்சுல, லியோன்ல இருக்கா. ரொம்ப நாளா கூப்புட்றா." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "கிறிஸ்துமஸ் கழிச்சி வரேன். நீங்களும் கொஞ்ச நாளு எங்கனா போய் இருங்க."

அந்த வாரக் கடைசியில் அவர் வீடு பூட்டியாகிவிட்டது.

நான் எங்கே போவது? இருக்கிற சேமிப்பெல்லாம் இந்த வீடுதான். மகள் லியோனில் இல்லை. மகளே இல்லை. நான் பேய் என்று நினைக்கவும் இல்லை. மேட்டின் அந்தப் பக்க ஓடையில் இருந்து யாரோ குடைந்து மண் திருடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆதாரம் வேண்டும். ஃபோனில் வீடியோ எடுத்து, தேதி நேரத்தோடு அனுப்பினால் மறுக்க முடியாதல்லவா?

கார்த்திகை முதல் வாரம். கடலில் புயல் சின்னம். மூன்று நாளாக விடாத மழை. அன்றைக்கு நாலரைக்கே இருட்டிவிட்டது. ஐந்தரைக்குக் கரண்டு போனது. செல்வாம்பாள் அடுப்படியில் எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மழையில எங்க கெளம்பிட்டீங்க?"

"ஆதாரம்."

"நனைஞ்சி ஜுரம் வந்தா அதுக்கும் ஒரு மனு போடுங்க. எனக்கு."

ஒரு கையில் குடை. ஒரு கையில் ஃபோன். அடுப்படிக் கதவைத் தாண்டித் தோட்டத்துக்கு வந்தேன். செடிக்குக் குழி தோண்ட வைத்திருந்த கடப்பாறை எல்லைக்கல்லின் மேல் சாய்ந்திருந்தது. கல்லருகே நின்றேன்.

ஐந்து நாற்பது.

சரக்... சரக்... தொப்.

அன்றைக்குச் சத்தம் மிக அருகில் இருந்தது. என் நெஞ்சு உயரத்தில், மண்ணுக்கு அந்தப் பக்கம். ஆனால் அது நேராக என்னை நோக்கி வரவில்லை. ஒரு முறை இடப்பக்கம் கேட்டது. ஒரு முறை வலப்பக்கம். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவன் சுவரெல்லாம் தடவுவது போல.

நான் வீடியோவைப் போட்டேன். கத்தினேன்.

"யோவ்! யார்யா அது? வெட்டாத! இங்க வூடு இருக்குது!"

சத்தம் நின்றது.

மழை மட்டும் பெய்தது.

பிறகு ஒரு குரல். போர்வைக்குள் இருந்து பேசுவது போல அமுங்கிய குரல்.

"எந்தப் பக்கம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் பயமே இல்லை. மாதக் கணக்கில் எல்லாருக்கும் எழுதி, ஒருவரும் திரும்பிப் பேசாமல் இருந்த எனக்கு, கடைசியாக ஒருவன் பேசுகிறான். விடுவேனா?

"இந்தப் பக்கம்யா! கிழக்கால!"

"எந்தப் பக்கம்?"

வெளியூர்க் கூலியாள், திசை தெரியவில்லை என்று நினைத்தேன். தெளிவாகச் சொல்லிவிடுவோம் என்று குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கடப்பாறையை எடுத்தேன். எல்லைக்கல்லின் மேல் தட்டினேன்.

டங்... டங்... டங்.

"தோ, இந்தச் சத்தம் கேக்குதா? இதான் எங்க கல்லு. இதுக்கு இந்தாண்ட நாங்க இருக்கோம். வெட்டாத!"

குடையில் இருந்து தண்ணீர் ஒழுகியது.

"கேக்குது," என்றது குரல்.

அந்த ஒரு சொல்லில் அழுகை இருந்தது. ஒரு கூலியாள் ஏன் அழ வேண்டும்?

சரக். சரக். சரக். சரக்.

இப்போது மூச்சு வாங்கும் இடைவெளி இல்லை. இடமும் வலமும் இல்லை. நேராக. கல்லை நோக்கி. என்னை நோக்கி.

"ஏய்! வெட்டாதன்னு சொல்றேன்ல!"

சரக். சரக். சரக்.

வீட்டுக்குள் இருந்து செல்வாம்பாள் அலறினாள்.

"ஏங்க! தரைக்குள்ள... அடுப்படித் தரைக்குள்ள யாரோ பேசுறாங்க!"

மண் சுவரில், கல்லுக்கு நேர் மேலே, ஒரு கொத்து மண் உதிர்ந்தது.

காய்ந்த மண்.

ஃபோன் வெளிச்சத்தைத் திருப்பினேன். கை அளவுக்கு ஒரு துளை. அதில் இருந்து காற்று வந்தது. மழைக் காற்று இல்லை. சூடான காற்று. பல நாள் பூட்டிய அறையைத் திறந்தது போல.

துளைக்குள் ஏதோ பளபளத்தது.

மண்வெட்டியின் முனை.

உள்ளே இருந்து வெளியே நீட்டியது.

பின்னால் இழுத்துக்கொண்டது...

மறுபடி வந்தது.

மூச்சு...

யாரோ மூச்சு விடுகிறார்கள்...

நான் ஓடினேன்.

செல்வாம்பாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தேன். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட இல்லை. தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்க்கும்போது, பெரிய லாரி ஒன்று சுமையைக் கொட்டுவது போல ஒரு சத்தம். தரை அதிர்ந்தது.

சரிவு விழுந்துவிட்டது.

அந்த இரவைத் தவளக்குப்பத்தில் செல்வாம்பாளின் தங்கை வீட்டில் கழித்தோம். காலையில் வந்து பார்த்தோம். தோட்டம் முழுக்கச் செம்மண். ஆனால் எல்லைக்கல் இருந்த மூலையில் மட்டும் மண் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கியிருந்தது. கல் அசையவில்லை. வீட்டுச் சுவரில் ஒரு கீறல் இல்லை. அடுப்படியில் ரசம் வற்றிக் கருகியிருந்தது. காஸ் அடுப்பு அணைந்திருந்தது.

அடுப்பின் குமிழ் திருகி மூடப்பட்டிருந்தது. குமிழில் செம்மண்.

செல்வாம்பாள் அதைத் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

மண் விழுந்தபின் எல்லாரும் வந்தார்கள். மாடியில் இருக்கும் செக்ஷன் வந்தது. கீழே இருக்கும் ஜே.இ.யும் வந்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். மண்ணை அள்ள வந்த ஆட்கள் மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

விழாமல் நின்ற மண் சுவரில் ஒரு வளை. ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். வளையின் வாயில் துருப்பிடித்த மண்வெட்டி ஒன்று கிடந்தது. பிடி பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருந்தது. ஒரு ஆள் டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"உள்ள குந்தி உக்கார்ற அளவுக்கு எடம் இருக்குது சார். காலியா இருக்குது. வெட்டுத் தடம் எல்லாம்..." அவர் டார்ச்சை அணைத்தார். "உள்ளேருந்து வெளிய வந்திருக்குது."

ஜே.இ. எட்டிப் பார்த்தார். "பெருச்சாளி வளை," என்றார்.

"பெருச்சாளி மண்வெட்டி வெச்சிருக்குமா சார்?"

அவர் ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டார். என் ஃபோனில் எடுத்த வீடியோவையும் அனுப்பி வைத்தேன். 'கோப்பு திறக்கவில்லை' என்று பதில் வந்தது. நானே திறந்து பார்த்தேன். மழைச் சத்தம், என் குரல், கல்லைத் தட்டும் ஒலி. அவ்வளவுதான் இருக்கிறது.

ஆனால் அடுத்த வாரமே தடுப்புச் சுவருக்கு அனுமதி வந்தது. நம்புவீர்களா? எத்தனை மாதம் அலைந்தேன்! இப்போது வீட்டைத் தேடி உத்தரவு வருகிறது. சரிவின் அடிவாரம் முழுக்கக் கான்கிரீட். எல்லைக்கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அஸ்திவாரம். முப்பது நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். தவறினால் அனுமதி ரத்து. மறுபடி முதலில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

மேஸ்திரியைப் பார்த்து நாள் குறித்தேன். சிமெண்டு இறங்கியது. எனக்கு நிம்மதி என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் அஞ்சலாட்சி வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். காலாப்பட்டில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறவர். பத்திரிகையில் வந்த படத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார். "அந்தக் கல்ல பாக்கணுங்க" என்றார். தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். கல்லின் முன் உட்கார்ந்தார். முந்தானையால் அதன் மேல் இருந்த சேற்றைத் துடைத்தார்.

"யாருங்க இதுக்குப் பெயிண்டு அடிச்சது?"

"மனை போட்டவங்க. எல்லைக்கல்லுக்கு அடிப்பாங்களே."

"இது எல்லைக்கல்லு இல்லீங்க. நாங்க நட்டது. எங்க வூட்டுக்காரரு கருமாதிக்கு."

கல்லை விட்டு இரண்டடி விலகினேன். எங்கள் பக்கத்தில் கருமாதிக்குக் கல் நிறுத்துவது உண்டு. எனக்குத் தெரியாத வழக்கமா? என் அப்பாவுக்கு நானே நிறுத்தியிருக்கிறேன். அளக்க வந்தவன், மேட்டடியில் நட்டு வைத்த கல்லைப் பார்த்து, எல்லை என்று நினைத்துவிட்டான். அதில் இருந்து அளந்து ஒரு நகரையே போட்டுவிட்டான். அதிகாரிகள் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். ஏழு வருஷம் அதன் பக்கத்தில் கத்தரிக்காய் போட்டிருக்கிறேன் நான்.

அவர் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன் அங்கே செம்மண் குவாரி நடந்ததாம். அனுமதி இல்லாத குவாரி. அவர் கணவர் பக்கிரி அங்கே மண் வெட்டினார். ஒரு மழை நாளில், மத்தியானம், மேடு சரிந்து மூடிவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் உள்ளேருந்து கொரலு வந்துச்சுங்க. உசுரோடதான் இருந்தாரு. மண்ணுக்குள்ள ஏதோ பொந்துல மாட்டிக்கிட்டாரு. கையில மண்வெட்டி இருந்துச்சு. வெட்டிக்கினு வந்துடலாம்னு பாத்தாரு. ஆனா இருட்டு. எந்தப் பக்கம் வெட்றதுன்னு தெரியல."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"'எந்தப் பக்கம், எந்தப் பக்கம்'னு கேட்டுக்கினே இருந்தாரு. குவாரிக்காரங்க யாரையும் பேச வுடல. பேசுனா உள்ள ஆளு இருக்குன்னு ஆயிடும், ஃபயர் சர்வீஸு வரும், பெர்மிஷன் இல்லாதது தெரிஞ்சிடும்னு. என் வாயப் பொத்தி வண்டியில ஏத்திட்டாங்க. இருட்டுற வரைக்கும் கேட்டாருன்னு அப்புறமா சொன்னாங்க. கொரலு கடைசியா கேட்ட எடத்துலதான் இந்தக் கல்ல வெச்சோம்."

"மனு கொடுக்கலியா?" என்றேன். என் வாயில் வேறென்ன வரும்?

"எத்தினி மனு! தோண்டிப் பாத்துக் குடுங்கன்னு கேட்டேன். பெர்மிஷன் இல்லாத எடத்துல வேலையே நடந்திருக்காதாம். வேலையே நடக்கலன்னா ஆளு எப்படிம்மா சாவான்னு கேட்டாங்க."

அந்தப் பேச்சு எனக்குப் பழகிய பேச்சு. சமதளம் என்றால் சரிவு இல்லை. அனுமதி இல்லை என்றால் சத்தம் இல்லை.

அவர் எழுந்தார். புடவையைத் தட்டிக்கொண்டார்.

"நீங்கதான பதில் சொன்னது?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேடு சரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எங்க வூட்டு வாசப்படியில செம்மண்ணு இருந்துச்சுங்க. மழையில நனையாம. மறுநா கூடத்துல. அதுக்கு மறுநா அவரு படுக்குற எடத்துல." அவர் முகத்தில் பயம் இல்லை. "அவரு வந்துட்டாருங்க. அத்த சொல்லத்தான் வந்தேன். உங்களக் கையெடுத்துக் கும்புட்றேன்."

கும்பிட்டார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"சுவரு கட்டப் போறீங்களாங்க?"

"ஆமாம்மா. திங்கக்கிழமை வேலை ஆரம்பம்."

சிமெண்டு மூட்டைகளைப் பார்த்தார். பிறகு மண் மேட்டைப் பார்த்தார்.

"அன்னிக்கி உள்ள மாட்டுனது மூணு பேருங்க," என்றார். "இவரும், செஞ்சிப் பக்கத்துலேருந்து வந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும். அவுங்க பேரு கூட யாருக்கும் தெரியாது. அவுங்களுக்குக் கல்லு நட யாரும் வர்ல."

வளை ஒன்றுதான் இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவர் போன அன்றே மூன்று அலுவலகங்களுக்கு எழுதினேன். மேட்டைத் தோண்டிப் பாருங்கள், இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எழுதினேன். ஒரு அலுவலகத்தில் இருந்து மட்டும் பதில் வந்தது. 'குறிப்பிட்ட நிலம் சமதளம் என்பதால் மண்சரிவுக்கு வாய்ப்பில்லை.' விழுந்த மண்ணை அவர்களேதான் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்!

மேஸ்திரியிடம் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். பிறகு இன்னொரு வாரம். அவர் கோபப்படுகிறார். முப்பது நாளில் இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. சுவர் இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு வீடு இருக்காது. சுவர் கட்டினால்...

செல்வாம்பாள் தவளக்குப்பத்திலேயே தங்கிவிட்டாள். நேற்று ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கேக்குதா?"

"கேக்குது," என்றேன்.

இப்போது ஐந்து நாற்பது. இரண்டு மண்வெட்டிகள். ஒன்று பூட்டியிருக்கும் க்சாவியே வீட்டுக்குப் பின்னால். இன்னொன்று இங்கே. இடமும் வலமுமாகத் தடவித் தடவி வெட்டுகிறார்கள். நடுநடுவே நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். ஒருவர் கேட்டு முடித்ததும் மற்றவர் கேட்கிறார்.

நான் ஒன்று சொன்னால் போதும். கடப்பாறை அந்தக் கல்லருகேதான் கிடக்கிறது. சொன்னால் மேடு விழும். இந்த முறை பிரிந்து ஒதுங்குமா என்று யார் சொல்வது? என் வீடு இது.

வாழ்நாள் முழுக்க ஒரு பதிலுக்காக மேசை மேசையாக நின்றவன் நான். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வருகிறது என்று திட்டியிருக்கிறேன்.

எழுந்து போய் அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.

சாத்தினாலும் கேட்கிறது.

"எந்தப் பக்கம்?"